சமகாலப் பொருட்களைச் சேகரிக்க அருங்காட்சியகக் கொள்கை எழுதுவது எப்படி? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

முன்கூடம் எழுதியது:

வணக்கம். நடுத்தர அளவுள்ள ஒரு சமூக வரலாற்று அருங்காட்சியகத்தில் வேலை செய்கிறேன். எங்கள் சேகரிப்புக் கொள்கையைத் திருத்தி எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. பழைய பொருட்களுக்கு அதில் விரிவான விதிகள் இருக்கின்றன. சமகாலப் பொருட்களுக்கு இருப்பது ஒரே வரி: "முக்கியத்துவம் இருந்தால் பரிசீலிக்கலாம்." அந்த வரியை வைத்துக்கொண்டு எதையும் சேர்க்கலாம், எதையும் மறுக்கலாம். கடைசியில், யார் கொண்டுவந்து கொடுக்கிறார்களோ அவர்களுடையது உள்ளே வருகிறது. அருங்காட்சியகத்தின் கதவைத் தட்டலாம் என்றே தோன்றாதவர்களுடையது வருவதில்லை.

குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. "இருபது வருடம் போகட்டும், எது முக்கியம் என்று காலம் சொல்லும்" என்கிறது ஒரு தரப்பு. "அதற்குள் எல்லாம் குப்பைக்குப் போய்விடும்" என்கிறது மற்றொன்று. எனக்கு இரண்டிலும் நியாயம் தெரிகிறது.

காத்திருப்பதா, வேண்டாமா? எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? நீங்கள் என்ன எழுதி வைத்திருக்கிறீர்கள், அது நடைமுறையில் தாக்குப்பிடித்ததா என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

மணல்கடிகை எழுதியது:

காலம் சொல்லும் என்ற வாதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பல கொள்கைகளைக் கெடுத்தது அதுதான்.

காலம் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. வீட்டில் இடமும் வசதியும் இருந்தவர்கள் எதைப் பத்திரப்படுத்தினார்களோ அது மிஞ்சுகிறது, அவ்வளவுதான். திருமண உடை பெட்டிக்குள் அப்படியே இருக்கும். தினமும் வேலைக்குப் போட்ட உடை நைந்து, துடைக்கும் துணியாகி, காணாமல் போகும். நூறு வருடம் கழித்து வருகிற காப்பாட்சியருக்குக் கிடைப்பது இந்த மிச்சம்தான். அதை வைத்துக்கொண்டு "அந்தக் கால மக்கள் இப்படி உடுத்தினார்கள்" என்று அவர் எழுதினால் அது பொய்யாகிவிடும்.

காத்திருப்பதை விதியாகவே வைத்திருந்த இடங்கள் உண்டு. 1856ல் தொடங்கிய லண்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தில், அரச தம்பதியைத் தவிர உயிரோடு இருப்பவர் படமோ இறந்து பத்து வருடம் ஆகாதவர் படமோ சேர்க்கக் கூடாது என்று இருந்தது. புகழின் சூடு தணிந்த பிறகு முடிவெடுக்கலாம் என்பது எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் 1969ல் அந்த விதியைக் கைவிட்டார்கள். தன் காலத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாத நிறுவனமாக அது அவர்களை வைத்திருந்தது.

எதிர்ப்பக்கத்தில் சுவீடன் இருக்கிறது. அங்கே அருங்காட்சியகக்காரர்கள் தங்கள் சேகரிப்பை ஒரு முறை உட்கார்ந்து அலசியபோது, பழைய கிராமப்புற வாழ்க்கைக்கும் விழாக்கோலத்துக்கும் நிறையப் பொருட்கள் இருந்தன. தொழிற்சாலைக் காலத்து அன்றாட வாழ்க்கைக்கு மிகக் குறைவு. அதனால் 1977ல் சாம்டோக் என்ற கூட்டமைப்பை உருவாக்கினார்கள். ஸ்டாக்ஹோமின் நோர்டிஸ்கா அருங்காட்சியகம் அதற்கு மையம். வேளாண்மை, உலோகத் தொழில், வீடு, அரசு நிர்வாகம் என்று சமூகத்தைத் துறைகளாகப் பிரித்து, ஒவ்வொரு துறையையும் அருங்காட்சியகங்களின் ஒரு குழு பொறுப்பேற்றது. எல்லோரும் ஒரே மாதிரி தொலைபேசியை வாங்கி வைக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. 2011 வரை அந்த ஏற்பாடு நடந்தது.

உங்கள் குழுவிடம் இதைச் சொல்லுங்கள்: காத்திருப்பதும் ஒரு தேர்வுதான். அந்தத் தேர்வைச் செய்தவர் யார் என்று பிறகு யாராலும் கேட்க முடியாது என்பது மட்டும்தான் வித்தியாசம்.

பதிவேட்டுக்காரர் எழுதியது:

மணல்கடிகை சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் சேமிப்பறைச் சாவி என்னிடம் இருக்கிறது, அந்தப் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

ஒரு பொருளை வாங்கும் செலவு பெரிதே இல்லை. பெரும்பாலும் அது நன்கொடை. செலவு அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது: பதிவு, புகைப்படம், பெட்டி, அலமாரி இடம், வெப்பநிலைக் கட்டுப்பாடு, பூச்சிக் கண்காணிப்பு, இருப்புச் சரிபார்ப்பு. இதற்கு முடிவு கிடையாது. பழங்காலப் பொருட்களுக்கு இயற்கையாக ஒரு வரம்பு இருக்கிறது, மிஞ்சியதே கொஞ்சம். இன்று செய்யப்படும் பொருட்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. மறுக்கத் தெரியாத கொள்கை, கொள்கை இல்லாததை விட மோசம்.

உலக அருங்காட்சியகக் கவுன்சிலின் ஒழுக்க நெறி, எழுதி வெளியிட்ட சேகரிப்புக் கொள்கை இருக்க வேண்டும் என்று ஒவ்வோர் அருங்காட்சியகத்திடமும் கேட்கிறது. "வெளியிட்ட" என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பொதுமக்கள் படிக்க முடிந்தால்தான், மறுக்கும்போது "எங்கள் கொள்கை இது" என்று காட்ட முடியும். இல்லாவிட்டால் தங்கள் பொருளை மதிக்கவில்லை என்றுதான் கொடையாளர் நினைப்பார்.

அதே நெறி, பதிவேட்டிலிருந்து நீக்குவதையும் எளிதாக விடுவதில்லை. ஒரு பொருளை விற்று வரும் பணம் சேகரிப்பின் நன்மைக்கு மட்டுமே போக வேண்டும். கட்டிடச் செலவுக்கோ சம்பளத்துக்கோ தொடக் கூடாது. ஆக, உள்ளே வந்ததை வெளியே அனுப்புவது நீண்ட வேலை. "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சேர்ப்பவர்கள் அந்தப் பிறகு யார் தலையில் விழும் என்று யோசிப்பதில்லை.

என் ஆலோசனை: சேர்ப்பதற்கான காரணங்களை எழுதும் முன், மறுப்பதற்கான காரணங்களை எழுதுங்கள். ஏற்கெனவே நம்மிடம் இதே போன்றது இருக்கிறது. வேறோர் அருங்காட்சியகம் இதை நன்றாகச் செய்கிறது. பராமரிக்க நம்மால் முடியாது. யார் பயன்படுத்தியது என்ற விவரம் இல்லை. இந்த நான்கில் ஏதாவது ஒன்று பொருந்தினால் தலைவரே கொண்டுவந்தாலும் மறுக்கலாம் என்று எழுத்தில் இருக்கட்டும்.

முன்கூடம் எழுதியது:

"தலைவரே கொண்டுவந்தாலும்" என்ற வரியை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். எங்களுக்கு அது தேவை.

மறுப்புக்கான காரணங்கள் தெளிவாகிவிட்டன. ஆனால் நாமே தேடிப் போய் எடுப்பது எதை? செய்தியில் அடிபடும் பொருட்களையா?

கண்ணாடிப்பேழை எழுதியது:

நான் காப்பாட்சியர். இந்தக் கேள்விக்கு லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் செய்ததைப் பார்ப்பது நல்லது. வழக்கமான கையகப்படுத்தலுக்கு ஆகும் நேரத்தில் நிகழ்வு பழசாகிவிடுகிறது என்று, உடனடிச் சேகரிப்புக்கெனத் தனி வழி ஒன்றை உருவாக்கி 2014ல் அதற்குத் தனிக் காட்சிக்கூடமும் திறந்தார்கள்.

அதில் ஒரு சாதாரணக் கால்சட்டை இருக்கிறது. விலை குறைந்த, யாரும் திரும்பிப் பார்க்காத கால்சட்டை. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டிடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தக் கட்டிடத்தில் இருந்த ஆலை ஒன்று துணி தைத்துக் கொடுத்த நிறுவனங்களில் பிரைமார்க்கும் உண்டு. அந்த நிறுவனத்தின் கால்சட்டையைக் கடையில் வாங்கிச் சேகரிப்பில் வைத்தார்கள். வடிவமைப்பு வரலாற்றுக்கான அருங்காட்சியகத்தில் அழகே இல்லாத ஒரு கால்சட்டை! தையலையோ வெட்டையோ பார்க்க யாரும் அதன் முன்னால் நிற்பதில்லை. யார் தைத்தார்கள், என்ன நிலையில் தைத்தார்கள், அது ஏன் அவ்வளவு மலிவு என்பதைப் பார்க்க நிற்கிறார்கள். என்னிடம் கேட்டால் சமகாலச் சேகரிப்பு என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

முப்பரிமாண அச்சில் செய்த முதல் துப்பாக்கியையும் அவர்கள் சேர்த்தார்கள். கணினிக் கோப்பு ஒன்றை யார் வேண்டுமானாலும் இணையத்திலிருந்து இறக்கி வீட்டிலேயே ஆயுதம் அச்சடிக்கலாம் என்ற நிலை வந்தபோது, அதுவரை பேசிவந்த உற்பத்தி உரிமம், கட்டுப்பாடு எல்லாமே கேள்விக்குள்ளாயின. அந்தத் தருணத்தைக் காட்ட அந்தப் பொருளைத் தவிர வேறு எதுவும் உதவாது.

இதிலிருந்து கொள்கைக்கு நான் எடுத்துக்கொள்வது இது. "என்ன மாதிரிப் பொருட்கள்" என்று பட்டியல் போடாதீர்கள், அது இரண்டு வருடத்தில் காலாவதியாகிவிடும். "எந்தக் கேள்விகள்" என்று எழுதுங்கள். வேலை எப்படி மாறுகிறது? வீட்டுக்குள் யார் எதைச் செய்கிறார்கள்? சட்டம் எங்கே தடுமாறுகிறது? நான்கைந்து கேள்விகள் போதும். முன்மொழிகிறவர், இந்தப் பொருள் அதில் எந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்கிறது என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். எழுத முடியவில்லை என்றால் பொருள் வெறும் ஆர்வத்தால் வருகிறது என்று அர்த்தம்.

அந்த ஒரு பக்கத்தைப் பொருளோடு சேர்த்து நிரந்தரமாக வைத்திருங்கள். ஐம்பது வருடம் கழித்து வருபவருக்கு, நாம் ஏன் இதை முக்கியம் என்று நினைத்தோம் என்பது பொருளைப் போலவே ஒரு சான்று.

மணல்கடிகை எழுதியது:

கண்ணாடிப்பேழை சொன்ன கால்சட்டை உதாரணம் வலுவானது. ஆனால் அந்த வழியில் ஓர் ஆபத்து இருக்கிறது. செய்தியைத் துரத்துகிற சேகரிப்பு, செய்தியாகாத மாற்றங்களைத் தவறவிடும். பெரிய மாற்றங்கள் பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் வருகின்றன. ஒரு வீட்டில் சாப்பாட்டு மேசை எப்போது வேலை மேசையானது? பணத்தாளைப் பையில் வைப்பதை மக்கள் எப்போது நிறுத்தினார்கள்? இதற்கெல்லாம் தலைப்புச் செய்தி கிடையாது.

சாம்டோக் குழுக்கள் இதற்குச் செய்தது வேறு வகை வேலை. ஒரு வீட்டையோ வேலையிடத்தையோ தேர்ந்தெடுத்து, அங்கே போய்த் தங்கிப் பார்த்து, பேட்டி எடுத்து, புகைப்படம் எடுத்து, கடைசியில் சில பொருட்களை மட்டும் எடுத்தார்கள். சில நேரம் எதையும் எடுக்கவில்லை. ஆவணமே சேகரிப்பாக நின்றது. பதிவேட்டுக்காரரின் அலமாரிப் பிரச்சினைக்கும் இதில் பாதி விடை இருக்கிறது.

எனவே கொள்கையில் இரண்டு வழி இருக்கட்டும். நிகழ்வு நடக்கும்போது ஓடிப்போய் எடுப்பது ஒன்று. ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு நிதானமாக ஆவணப்படுத்துவது இன்னொன்று. ஆண்டுக்கான நேரத்திலும் பணத்திலும் இரண்டாவதற்குப் பெரும்பங்கு ஒதுக்கச் சொல்வேன், ஏனென்றால் முதலாவது எப்போதும் தானாகவே கவனத்தை இழுத்துக்கொள்ளும்.

ஈரப்பதம் எழுதியது:

பொருட்கள் கெடாமல் காக்கும் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். இதுவரை யாரும் பொருள் எதனால் செய்யப்பட்டது என்று கேட்கவில்லை. எங்களுக்கு முதல் கேள்வியே அதுதான்.

ஒரு மண்பானை சும்மா வைத்தால் ஆயிரம் வருடம் இருக்கும். இன்றைய பொருட்களில் பெரும்பகுதி அப்படி இல்லை. பாலியூரித்தேன் நுரை சில பத்தாண்டுகளில் பொடிப்பொடியாக உதிரும். காலணி அடிப்பாகங்களில் பார்த்திருப்பீர்கள். பிவிசி நெகிழியிலிருந்து மென்மையூட்டும் வேதிப்பொருள் மேற்பரப்புக்குக் கசிந்து பிசுபிசுக்கும். செல்லுலோஸ் அசிடேட் என்ற நெகிழி சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளியேறி வினிகர் வாடை வரும், அந்த ஆவி பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். வெப்பத்தாளில் அச்சடித்த ரசீதும் பயணச்சீட்டும் சில வருடங்களில் வெள்ளைத் தாளாகிவிடும். வந்த அன்றே படமெடுக்காவிட்டால் பொருள் இருக்கும், தகவல் இருக்காது. மக்கிப்போவதற்காகவே தயாரித்த பைகளை என்ன செய்வது? மக்கவிடாமல் தடுத்தால் அது செய்யப்பட்ட நோக்கத்துக்கே எதிராகப் போகிறோம்.

லித்தியம் மின்கலங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவை உப்பலாம், கசியலாம், தீப்பிடிக்கலாம். சேமிப்பறையில் நூறு கைப்பேசிகளை மின்கலத்தோடு அடுக்கி வைப்பது மற்ற எல்லாப் பொருட்களையும் பணயம் வைப்பதற்குச் சமம். கழற்றி எடுத்தால் கருவி இயங்காது, சிலவற்றை உடைக்காமல் கழற்றவே முடியாது. எனவே சேர்க்கும் முன்பே முடிவெடுங்கள்: இது இயங்கும் பொருளாக வேண்டுமா, தோற்றம் மட்டும் போதுமா? தோற்றம் போதும் என்றால், இயங்கும்போது காணொளி எடுத்துவிட்டு மின்கலத்தை அகற்றுங்கள்.

கெடுகிற பொருளை எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2017ல் லண்டன் வைட்சேப்பல் பகுதிச் சாக்கடையில் கொழுப்பும் ஈரத்துடைப்பான்களும் இறுகிச் சேர்ந்த ஒரு பெருங்கட்டி கிடைத்தது. சுமார் 130 டன் எடை, 250 மீட்டர் நீளம். அதன் சிறு துண்டுகளை லண்டன் அருங்காட்சியகம் எடுத்து, காற்றில் உலர்த்தி, அடைத்த பேழைகளுக்குள் வைத்து 2018ல் காட்சிப்படுத்தியது. காட்சியில் இருக்கும்போதே அது வியர்த்தது, நிறம் மாறியது, உள்ளே பூச்சிகள் பொரிந்தன. ஒரு நகரம் எதைக் கழுவித் தள்ளுகிறது என்பதை அது காட்டிய அளவுக்கு வேறு எதுவும் காட்டியிருக்காது. ஆனால் அதை எடுக்கும் முன் உடல்நல ஆபத்து, தனிமைப்படுத்தல், பேழை எல்லாவற்றையும் யோசித்துத்தான் எடுத்தார்கள். முன்மொழிவுப் படிவத்தில் பாதுகாப்புப் பிரிவின் கையெழுத்துக்கு ஓர் இடம் வையுங்கள். முடிவு எடுத்த பிறகு எங்களைக் கூப்பிடுவதில் பயனில்லை.

நிரல்பெட்டி எழுதியது:

கையில் பிடிக்க முடியாதவற்றைப் பற்றியும் பேச வேண்டும். இன்றைய வாழ்க்கையில் பாதி திரைக்குள் நடக்கிறது. அதை விட்டுவிட்டு இந்தக் காலத்தைச் சேகரித்தோம் என்று சொல்ல முடியாது.

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2010ல் மின்னஞ்சல் முகவரியில் வரும் @ குறியைத் தன் சேகரிப்பில் சேர்த்தது. யாருக்கும் சொந்தமில்லாத, விலைகொடுத்து வாங்க முடியாத ஒன்று. உடைமையாக்காமலே சேகரிக்கலாம் என்று அவர்கள் வெளிப்படையாகச் சொன்ன இடம் அது. அது கௌரவம் கொடுப்பது மட்டும்தான், சேகரிப்பு இல்லை என்று வாதிடுபவர்கள் உண்டு. எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கிறது.

2012ல் அதே இடம் 14 காணொளி விளையாட்டுகளைச் சேர்த்தபோது செய்த வேலை எனக்குப் பிடித்தது. விளையாட்டுப் பெட்டியை வாங்கி வைத்ததோடு நிற்கவில்லை. முடிந்தவரை மூல நிரலையும், உருவாக்கியவர்களின் விளக்கங்களையும், அசல் வன்பொருளையும் கேட்டார்கள். பின்னால் இயக்கிக் காட்ட அவைதான் தேவை. 2016ல் ஜப்பானின் டோகோமோ கைப்பேசி நிறுவனத்தின் முதல் 176 எமோஜிகளைச் சேர்த்தது இன்னொரு மாதிரி: வடிவங்கள் 12க்கு 12 புள்ளிக் கட்டங்களில் அடங்குபவை, அவற்றைக் காப்பது சிக்கலே இல்லை.

ஒரு செயலியை எடுப்பதுதான் கடினம். கைப்பேசியில் இருக்கும் கோப்பு வெறும் முகப்பு. உயிர் எங்கோ ஒரு நிறுவனத்தின் வழங்கிக் கணினியில் (சர்வரில்) இருக்கிறது. அதை அணைத்த மறுநாள் உங்களிடம் இருப்பது திறக்காத கதவு. 2017ல் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் சீனாவின் வீசாட் செய்திச் செயலியைச் சேர்த்தபோது நிறுவனத்தின் ஒத்துழைப்போடுதான் செய்ய முடிந்தது. எனவே செயலிகளுக்கு நான் வைக்கும் விதி: மக்கள் அதைப் பயன்படுத்துவதைப் படமெடுங்கள். ஒருவர் தன் கைப்பேசியில் காலையிலிருந்து என்ன செய்கிறார் என்பதை அவர் சம்மதத்தோடு பதிவுசெய்த ஒரு மணி நேரக் காணொளி, இயங்காத கோப்பைவிட நூறு மடங்கு மேல். கோப்பு கிடைத்தால் அதையும் வையுங்கள், இரண்டு இடங்களில் நகலோடு, ஆண்டுதோறும் சரிபார்க்கும் பொறுப்பை ஒருவரிடம் எழுத்தில் கொடுத்து.

அப்புறம், பயன்படுத்திய கைப்பேசி நன்கொடையாக வந்தால் அதற்குள் இருக்கும் செய்திகள், படங்கள், மற்றவர்களின் எண்கள்? கொடுத்தவர் சம்மதித்தாலும் அவரோடு பேசியவர்கள் சம்மதிக்கவில்லை.

வாய்மொழி எழுதியது:

நிரல்பெட்டி கடைசியாகத் தொட்டதைத்தான் சொல்ல வந்தேன். இந்த இழையில் மூன்று பேர் எதை எடுப்பது என்று பேசிவிட்டார்கள். யாரிடமிருந்து என்று இப்போதுதான் வருகிறது. சமகாலப் பொருளுக்கும் பழம்பொருளுக்கும் உள்ள முதல் வித்தியாசமே இதன் சொந்தக்காரர் உயிரோடு இருக்கிறார் என்பதுதான். அவர் வலியோடு இருக்கலாம். பயத்தோடு இருக்கலாம். நாளை மனம் மாறலாம்.

பேரிடர், தாக்குதல், போராட்டம் நடந்த இடங்களில் எங்கள் குழு வாய்மொழி வரலாறு பதிவு செய்கிறது. நிகழ்வு நடந்த வாரத்திலேயே "அந்தச் சட்டையைக் கொடுப்பீர்களா" என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நல்ல நோக்கம்தான். ஆனால் அந்த நேரத்தில் "சரி" என்று சொல்பவருக்கு எதற்குச் சரி சொல்கிறோம் என்று தெரியாது. எனவே நாங்கள் இரண்டு படியாக வைத்திருக்கிறோம். முதலில் தொடர்பு மட்டும்: இதைத் தூக்கி எறிய வேண்டாம், நீங்களே வைத்திருங்கள், சில மாதம் கழித்து வருகிறோம். பிறகுதான் கைமாற்று ஆவணம்.

தெருவில் விட்டுச்செல்லப்பட்டவை வேறு. மழை வந்தால் போய்விடும், காத்திருக்க முடியாது. 2020 ஜூன் 7 அன்று இங்கிலாந்தின் பிரிஸ்டலில் அடிமை வணிகர் கோல்ஸ்டனின் சிலையை மக்கள் கீழே தள்ளித் துறைமுகத்தில் போட்டார்கள். சிலை இருந்த இடத்தில் விட்டுப்போன பதாகைகளை நகர அருங்காட்சியகத்தார் சேகரித்தார்கள். சிலையை நீரிலிருந்து எடுத்த பிறகு சேற்றை மட்டும் கழுவி, அதன் மேல் தெளித்திருந்த வண்ணப்பூச்சு உதிராமல் காத்தார்கள். அடுத்த ஆண்டு அதை நிறுத்தி வைக்காமல் படுக்கவைத்தே காட்சிப்படுத்தி, இனி என்ன செய்யலாம் என்று ஊர் மக்களையே கேட்டார்கள். பொருளின் கடைசி நாள் வரைக்குமான வரலாறு அதன் மேலேயே இருந்தது.

ஆனால் பதாகைகளில் பெயர் இருக்கலாம், கையெழுத்து இருக்கலாம், படங்களில் முகம் இருக்கும். அதே படம் வேறோர் ஆட்சியில் வேறு கைகளில் வழக்குக்குச் சான்றாகலாம். பெயர்களை மூடிவைக்கும் கால அளவு, இணையத்தில் போடாத வகைகள், கேட்டால் திரும்பக் கொடுக்கும் நிபந்தனை, இவை கொள்கையிலேயே இருக்க வேண்டும். இருந்தால்தான் புதிதாக வரும் அலுவலர் நல்லெண்ணத்தில் எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிவிட மாட்டார்.

நன்றாக நடந்த ஒன்றையும் சொல்கிறேன். கோவிட் தடுப்பூசியை, மருத்துவப் பரிசோதனைகளுக்கு வெளியே, அமெரிக்காவில் முதன்முதலாகப் போட்டுக்கொண்டவர்களில் ஒருவர் சாண்ட்ரா லிண்ட்சே என்ற செவிலியர், 2020 டிசம்பர் 14 அன்று. அவருடைய பணிச்சீருடை, அடையாள அட்டை, தடுப்பூசி அட்டை, அந்த மருந்தின் காலிக் குப்பி எல்லாம் தேசிய அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்கு வந்தன. காலிக் குப்பி தனியாக வந்திருந்தால் அது வெறும் கண்ணாடி. ஒரு மனிதரின் பெயர், வேலை, அன்றைய நாள் மூன்றும் அதனோடு வந்தன, அவருடைய விருப்பத்தோடு.

பதிவேட்டுக்காரர் எழுதியது:

வாய்மொழி சொன்ன "தொடர்பு முதலில், கைமாற்றம் பிறகு" எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. சேமிப்பறைக்கும் அது நல்லது.

ஆனால் திரும்பக் கொடுக்கும் நிபந்தனையில் எனக்கு உடன்பாடு பாதிதான். நிபந்தனையோடு வாங்கிய பொருளுக்கு உரிமை யாருடையது என்று முப்பது வருடம் கழித்து யாருக்கும் தெரியாது. கொடுத்தவர் இறந்திருப்பார், வாரிசுகள் நான்கு திசையில் இருப்பார்கள். ஒன்று, முழு உரிமையோடு வாங்குங்கள். அல்லது, முடிவு நாள் போட்ட கடனாக வாங்குங்கள். நடுவில் நிற்காதீர்கள்.

இன்னொரு யோசனை. சந்தேகம் உள்ளவற்றுக்குத் தனி வகை ஒன்று வைக்கலாம். உரிமை முழுமையாக அருங்காட்சியகத்துக்கு வரும், ஆனால் நிரந்தரச் சேர்க்கைப் பதிவேட்டில் ஏறாது. பத்து வருடம் கழித்து மறுபரிசீலனை. அப்போது வைக்கத் தேவையில்லை என்றால் கல்விப் பிரிவுக்கோ வேறு நிறுவனத்துக்கோ கொடுக்கலாம். கொடையாளருக்கு இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

மணல்கடிகை எழுதியது:

அந்த யோசனைக்கு ஒரு பழைய உறவினர் உண்டு. நவீனக் கலை அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநர் ஆல்ஃபிரட் பார், 1930களிலேயே தன் சேகரிப்பைக் காலத்தில் முன்னேறிச் செல்லும், நீருக்கடியில் பாயும் குண்டு (டார்பிடோ) போல வரைந்து காட்டினார். முனை எப்போதும் நிகழ்காலத்தில், வால் கடந்துபோனதில். வால் பகுதியை அவ்வப்போது வேறு அருங்காட்சியகங்களுக்குக் கைமாற்றிவிட வேண்டும் என்பது திட்டம். 1947ல் மெட்ரோபாலிட்டன், விட்னி அருங்காட்சியகங்களோடு ஒப்பந்தமும் போட்டார்கள். சில வருடங்களிலேயே அது முறிந்தது. 1953ல் நவீனக் கலை அருங்காட்சியகம், தலைசிறந்த படைப்புகளை நிரந்தரமாக வைத்துக்கொள்ளப்போவதாக அறிவித்தது.

சமகாலம் என்று எடுத்தவை பழசாகி மதிப்பு ஏறியதும் யாருக்கும் விட மனம் வராது. எனவே பத்து வருட மறுபரிசீலனையைச் செய்பவர்கள் சேர்த்தவர்களாக இருக்கக் கூடாது என்று எழுதுங்கள்.

கண்ணாடிப்பேழை எழுதியது:

ஒன்றை யாரும் சொல்லவில்லை. நிறுவனங்கள் தாங்களாகவே புதுத் தயாரிப்பைக் கொடுக்க வருவார்கள். பெட்டி பிரிக்காத, பளபளப்பான பொருள், கூடவே செய்தியாளர் சந்திப்பு. வேண்டாம். விலைகொடுத்து வாங்குங்கள், அல்லது ஒருவர் பயன்படுத்தித் தேய்த்ததை வாங்குங்கள். கீறல் இல்லாத பொருளில் விளம்பரம் மட்டும்தான் இருக்கும்.

முன்கூடம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இந்தக் கருத்துகளை வைத்துச் சமகாலப் பகுதிக்கு ஒரு முன்வரைவு எழுதியிருக்கிறேன். குறை சொல்லுங்கள்.

"அருங்காட்சியகம் சமகாலப் பொருட்களைத் தாமாகவே தேடிச் சேர்க்கும், வந்து சேர்பவற்றை மட்டும் நம்பியிருக்காது. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஆய்வுக் கேள்விகளை நிர்ணயித்து வெளியிடும். ஒவ்வொரு பொருளும் அவற்றில் ஒன்றுக்கேனும் பதில் தர வேண்டும். எப்படித் தருகிறது என்ற விளக்கம் பொருளோடு நிரந்தரமாக வைக்கப்படும். ஆண்டு நிதியில் பெரும்பகுதி திட்டமிட்ட ஆவணப்படுத்தலுக்கும், மீதி உடனடிச் சேகரிப்புக்கும்."

"பயன்படுத்தியவர், இடம், காலம் பற்றிய விவரம் இல்லாத பொருள் ஏற்கப்படாது. பாதுகாப்புப் பிரிவு ஒப்புதல் இல்லாமல் எதுவும் குழு முன் வராது. இழப்போ வன்முறையோ சார்ந்த பொருட்களில் உடைமையாளரிடம் முதலில் தொடர்பு மட்டுமே. கைமாற்றம் ஆறு மாதத்துக்குப் பிறகு. உரிமை முழுமையாகவோ, முடிவு நாள் உள்ள கடனாகவோ மட்டும்."

"சந்தேகம் உள்ளவை மறுபரிசீலனை வகையில் பத்து வருடம் வைக்கப்படும். மறுபரிசீலனைக் குழுவில் முதலில் முடிவெடுத்தவர்கள் இருக்கமாட்டார்கள்."

ஈரப்பதம் எழுதியது:

நன்றாக வந்திருக்கிறது. "ஒப்புதல்" என்பதை "கருத்து" என்று மாற்றுங்கள். எங்களுக்கு மறுப்பு அதிகாரம் கொடுத்தால் அந்தச் சாக்கடைக் கட்டி மாதிரிப் பொருள் எந்த அருங்காட்சியகத்திலும் நுழையாது. என்ன ஆகும், எவ்வளவு செலவாகும், எத்தனை வருடம் தாங்கும் என்று நாங்கள் எழுதித் தருகிறோம். அதைப் படித்துவிட்டு, ஐந்து வருடம்தான் இருக்கும் என்று தெரிந்தே எடுப்பதும் முறையான முடிவுதான்.

வாய்மொழி எழுதியது:

ஆறு மாதம் என்று எண் போட வேண்டாம். சிலருக்கு மூன்று வாரத்தில் கொடுத்துவிட்டு நிம்மதியாக வேண்டும், சிலருக்கு ஆறு வருடம் ஆகும். "உடைமையாளர் குறிப்பிடும் நேரத்தில்" என்று எழுதுங்கள். பெயர்களை மூடிவைக்கும் கால அளவையும் காணோம்.

இன்னொன்று. ஆய்வுக் கேள்விகளை யார் நிர்ணயிப்பது? முன்வரைவில் அது இல்லை. அருங்காட்சியகத்துக்குள் இருப்பவர்கள் மட்டும் உட்கார்ந்து முடிவு செய்தால், உங்கள் முதல் பதிவில் சொன்ன "கதவைத் தட்டலாம் என்றே தோன்றாதவர்கள்" மறுபடி வெளியேதான் நிற்பார்கள்.

முன்கூடம் எழுதியது:

வாய்மொழி சொன்ன மூன்றையும் ஏற்கிறேன். திருத்தியது: "ஆய்வுக் கேள்விகளை நிர்ணயிக்கும் குழுவில் பாதிப் பேர் அருங்காட்சியகத்துக்கு வெளியே இருப்பவர்கள், அவர்கள் நேரத்துக்கு ஊதியம் தரப்படும். கைமாற்றம் உடைமையாளர் குறிப்பிடும் நேரத்தில் மட்டும். பெயரும் முகமும் எவ்வளவு காலம் மூடியிருக்க வேண்டும் என்பது கைமாற்று ஆவணத்தில் அவருடைய வார்த்தையில் எழுதப்படும். எழுதப்படாத இடத்தில் அவர் வாழ்நாள் முழுவதும் மூடியே இருக்கும்."

ஊதியம் என்ற சொல்லுக்கு நிர்வாகக் குழுவில் எதிர்ப்பு வரும். அதற்கான கணக்கைத் தனியாக எழுதிக்கொண்டு போகிறேன். வேறு இடங்களில் வெளிக்குழுவினருக்கு எப்படிக் கொடுக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் இதே இழையில் எழுதுங்கள்.